பத்திரிகையில் படம் வந்தது, போன் ஏன் அடிக்கவில்லை?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலும் பினாங்கு லெபோ பாசாரிலும் புதுக்கடை திறந்தால் வழக்கம் ஒன்றுதான். ஒய்பி (சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினர்) ஒருவர் வருவார், குத்துவிளக்கு ஏற்றுவார், ரிப்பன் வெட்டுவார். பொன்னாடை போர்த்துவார்கள். இரண்டு மூன்று நாளில் தமிழ்ப் பத்திரிகையில் எட்டுப் பேர் வரிசையாக நிற்கும் படம் வரும். கடைக்காரரின் வாட்ஸ்அப் வாழ்த்துகளால் நிறைந்துவிடும். "பேப்பர்ல பார்த்தேன் அண்ணே, ரொம்ப சந்தோஷம்." வாழ்த்தியவர்கள் எல்லாரும் முன்பே தெரிந்தவர்கள். "எவ்வளவு ஆகும், எப்போது செய்து தருவீர்கள்" என்று ஒரு புது எண்ணிலிருந்தும் கேள்வி வராது.

இதைப் பார்த்துப் பலர் "பிஆர் (மக்கள் தொடர்பு) எல்லாம் பெருமைக்குத்தான், வியாபாரத்துக்கு பேஸ்புக் விளம்பரம் போதும்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. செய்தி வெளிவந்தால் விற்பனை லீட் வரும். ஆனால் அதைப் படித்தவர் அடுத்த நிமிடம் என்ன செய்யலாம் என்பதை, செய்தி எழுத உட்காரும் முன்பே நீங்கள் ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் செய்தியை முதலில் எழுதிவிட்டு மற்றதைப் பிறகு யோசிக்கிறோம். வரிசையை மாற்றிப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

முதலில் லீட் என்பதைச் சரியாக வரையறுத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் பெயர், திரும்ப அழைக்கக்கூடிய எண், அவருக்கு என்ன எப்போது வேண்டும் என்ற விவரம், இந்த மூன்றும் கையில் இருந்தால்தான் அது லீட். லைக்கும் வாழ்த்தும் லீட் ஆகா. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் கேட்டரிங்காரருக்குத் தேதி, ஊர், எத்தனை பேர் என்பவை தெரிய வேண்டும். ஏர்கோன் சர்வீஸ் செய்பவருக்கு எத்தனை யூனிட், வீடா கடையா, எந்தத் தாமான் (குடியிருப்புப் பகுதி). கணக்கு அலுவலகத்துக்கு ஆண்டு விற்பனை எவ்வளவு, இப்போது கணக்கை எதில் வைத்திருக்கிறார்கள். உங்கள் தொழிலுக்கு உரிய மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி, போன் எடுக்கும் மேசையில் ஒட்டுங்கள். பிஆர் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆசிரியர் வெட்டாத வரி

செய்தி ஆசிரியர்கள் முதலில் வெட்டுவது விலை, தள்ளுபடி, "உடனே அழையுங்கள்" மாதிரியான வரிகள். அவர்கள் பக்கம் நியாயம்தான். அது விளம்பரம், விளம்பரத்துக்கு வேறு பிரிவு இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பத்திரிகைச் செய்திகளின் கடைசியில் ஒரு வரி அடிக்கடி வரும்: "மேல் விவரங்களுக்கு இந்த எண்ணில் தொடர்பு கொள்ளலாம்." ஆசிரியர் அந்த வரியை எப்போது விட்டுவைக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். எண் இல்லாவிட்டால் வாசகர்கள் பத்திரிகை அலுவலகத்துக்கே போன் செய்து நச்சரிப்பார்கள் என்ற நிலை இருக்கும்போதுதான். இலவசப் பட்டறைக்கு இடம் பதிய வேண்டும், ஒரு கையேட்டைக் கேட்டு வாங்க வேண்டும், ஒரு முகாமுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். இப்படி வாசகருக்கு ஒரு வேலை இருந்தால் எண்ணும் இருக்கும். உங்கள் கடையின் பெருமை மட்டும் இருந்தால் எண் போய்விடும், படம் மட்டும் மிஞ்சும்.

ஆகவே, வாசகர் கேட்டு வாங்கும்படி எதைக் கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி. இதில் கொஞ்சம் நின்று நிதானமாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் லீட்டின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது. கொடுக்கும் பொருள் உங்களிடம் வாங்கப் போகிறவருக்கு மட்டுமே தேவைப்படுவதாக இருக்க வேண்டும். இலவசக் குடை, இலவசப் பலகாரம் என்றால் ஊரே வரும், வியாபாரம் வராது.

பட்டர்வொர்த்தில் கேட்டரிங் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் "கல்யாண விருந்துக் கணக்கு" என்று ஒரு பக்கப் பட்டியல் தயாரிக்கிறார். பிரியாணி என்றால் ஒரு கிலோ பாஸ்மதி 8 முதல் 10 பேருக்கு வரும், எனவே 500 பேருக்கு 50 முதல் 60 கிலோ. கோழி, அரிசியின் எடைக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ. மண்டபத்தில் 250 பேர்தான் உட்கார முடியும் என்றால் இரண்டு பந்தி, இரண்டாம் பந்திக்குச் சோறு சூடாக இருக்க எப்போது தம் போட வேண்டும். அழைப்பிதழ் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் எங்கே தவறும், சைவம் சாப்பிடுபவர்களுக்குத் தனி மேசை எத்தனை. இந்தப் பட்டியலை யார் கேட்பார்கள்? வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்தான். வேறு யாருக்கும் இது தேவையே இல்லை. கேட்ட மாத்திரத்தில் அவர் தன்னைத் தானே அடையாளம் காட்டிவிடுகிறார். பட்டியலைப் பார்த்துத் தானே சமைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர் சிலர் இருப்பார்கள். 60 கிலோ அரிசிக்கு எத்தனை அண்டா, எத்தனை ஆள் என்ற வரியைப் படித்ததும் பாதிப் பேர் உங்களையே கூப்பிடுவார்கள்.

தொழில் ரகசியம் போய்விடுமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. மசாலாவின் அளவைக் கொடுக்க வேண்டாம். வாங்குபவர் முடிவெடுக்கத் தேவையான கணக்கை மட்டும் கொடுங்கள். அதை ஒளித்து வைப்பதால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை.

கணக்கு அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு அரசாங்கமே செய்தியை உண்டாக்கித் தந்திருக்கிறது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின்-விலைப்பட்டியல், அதாவது நாம் எல்லாரும் இ-இன்வாய்ஸ் என்று சொல்வது, 2024 ஆகஸ்ட் 1-இல் ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்பட்ட நிறுவனங்களில் தொடங்கியது. 2025 ஜனவரி 1-இல் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவை, ஜூலை 1-இல் 50 லட்சத்துக்கு மேற்பட்டவை என்று படிப்படியாக இறங்கி வந்தது. கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவர் "எனக்கு இது பொருந்துமா" என்று குழம்பி நிற்கிறார். சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை, 20 பேருக்கு மட்டும், தமிழில் ஒரு விளக்கக் கூட்டம், கடந்த ஆண்டுக் கணக்கைக் கையோடு கொண்டு வர வேண்டும். இது செய்தி, எந்த ஆசிரியரும் போடுவார். கணக்கைக் கொண்டு வந்தவர் லீட். 20 என்ற எல்லை முக்கியம். 80 பேரை உட்கார வைத்தால் யாரிடமும் தனியாகப் பேச முடியாது, கூட்டம் முடிந்ததும் எல்லாரும் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

எந்த வாசல்

நாளேடுகளில் மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர். வானொலியில் மின்னல், ராகா. தொலைக்காட்சியில் ஆர்டிஎம், பெர்னாமா, அஸ்ட்ரோ. இணையத்தில் வணக்கம் மலேசியா, செல்லியல் போன்றவை. பினாங்கில் மாநில அரசின் புலேட்டின் முத்தியாராவுக்குத் தமிழ்ப் பக்கமும் உண்டு, உள்ளூர்ச் சிறுதொழில் செய்திகளுக்கு நல்ல இடம். நாளேடுகளின் தலைமையகம் கோலாலம்பூர் பக்கம் என்பதால் பினாங்குக்காரர்கள் நேராக அங்கே அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அதைவிட வட்டார நிருபரைக் கண்டுபிடித்துப் பேசுவது மேல். செபராங் பிறையில் நடப்பது அவருக்குத்தான் செய்தி.

பிறையில் உலோக உதிரிப்பாகம் செய்யும் பட்டறைக்கு இந்தப் பட்டியல் அவ்வளவாக உதவாது. 1972-இலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகள் குவிந்த பினாங்கின் பாயான் லெப்பாசில் கொள்முதல் அதிகாரியாக இருப்பவர், வேலை விஷயமாக ஆங்கில வணிகப் பக்கங்களையும் லிங்க்ட்இன்னையும் தொழில்துறை அமைப்புகளின் சுற்றறிக்கைகளையும்தான் பார்க்கிறார். தமிழ்ப் பத்திரிகையில் வந்தால் அம்மா அப்பாவுக்குப் பெருமை. அதையும் செய்யுங்கள், ஆனால் லீட் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். எட்ஜ் வார இதழ், ஸ்டாரின் வணிகப் பக்கம், பிஎஃப்எம் 89.9 வானொலி ஆகியவற்றுக்குக் கொடுக்கும் கதை வேறு மாதிரி இருக்க வேண்டும். எந்த அளவுத் துல்லியத்தில் செய்கிறீர்கள், எத்தனை நாளில் மாதிரி கொடுப்பீர்கள், எந்தத் தரச்சான்றிதழ் இருக்கிறது. தமிழ் அறிக்கையை அப்படியே மொழிபெயர்த்து அனுப்புவது வீண் வேலை.

தமிழ்ப் பத்திரிகையைப் பற்றி இன்னொன்று. படிப்பவர் ஒருவர், செய்தி அனுப்புபவர் வேறொருவர். அப்பா படித்துவிட்டுப் பக்கத்தை மகளிடம் காட்டுவார், மகள்தான் வாட்ஸ்அப்பில் கேட்பாள். அவள் செய்தியைப் படித்திருக்க மாட்டாள். "என்ன விஷயமாகக் கேட்கிறீர்கள்" என்று நீங்கள் குழப்பினால் அவள் போய்விடுவாள். முதல் பதிலிலேயே முழு விவரமும் இருக்க வேண்டும்.

எண், சொல், சதுரக் குறி

இந்த வேலைக்கென்று தனி எண் ஒன்று வாங்குங்கள். அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். முதலாளியின் சொந்த எண்ணைக் கொடுத்தால் லீட்டும் குடும்பக் குழுவின் காலை வணக்கமும் ஒன்றாகக் கலந்துவிடும். மூன்று நாளில் எது எங்கே என்று தெரியாது.

எந்தப் பத்திரிகையிலிருந்து வந்தார் என்று தெரிய, ஒவ்வொரு ஊடகத்துக்கும் ஒரு அடையாளச் சொல் கொடுக்கலாம். "பந்தி என்று தட்டி அனுப்புங்கள்" என்பது போல. பலர் தமிழ்ச் சொல்லையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள், ஆகவே ழ, ற உள்ள சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். கோழி என்று கொடுத்தால் மூன்று விதமாக வரும். இலை, பந்தி, அரிசி போன்றவை ஓரளவு பரவாயில்லை. அதையும்விட எளிது எண்: பத்திரிகைக்கு 1, வானொலிக்கு 2, இணையத்துக்கு 3.

இணையச் செய்தியில் வாட்ஸ்அப் இணைப்பைக் கொடுக்கலாம். தொட்டவுடன் "விருந்துக் கணக்கு வேண்டும்" என்ற வரி தானாகவே எழுதப்பட்டு நிற்கும்படி அமைக்க முடியும். இணைப்பில் எண்ணைப் போடும்போது 012 என்று தொடங்கும் எண்ணுக்கு முன்னால் ஒரு 6 சேர்த்தால் போதும். கூட்டல் குறி, இடைக்கோடு, இடைவெளி எதுவும் இருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் இணைப்பு திறக்காது, படிப்பவர் இரண்டாம் முறை முயற்சி செய்யமாட்டார். வெளியிடும் முன் உங்கள் எண்ணைச் சேமித்து வைக்காத ஒருவரின் போனில் தொட்டுப் பாருங்கள்.

கியூஆர் குறியை பேனரில் அச்சடித்து, அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அந்தப் படம் பத்திரிகையில் இரண்டு பத்தி அகலத்துக்குச் சுருங்கும்போது குறி பட்டாணி அளவுக்கு வந்துவிடும், எந்தப் போனும் படிக்காது. செய்தித்தாளில் மை கொஞ்சம் பரவும் என்பதால் குறி தனியாக, குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் சதுரத்தில், கறுப்பு வெள்ளையில் வர வேண்டும். அதற்கு இடம் தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் எண்ணே போதும்.

வாட்ஸ்அப் பிசினசில் வரவேற்புச் செய்தி என்று ஒன்று உண்டு. முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மீண்டும் எழுதுபவருக்கும் அது தானாகப் போகும். அதில் பட்டியலுக்கான இணைப்பையே வைத்துவிடுங்கள். பட்டியலைக் கொடுத்த பிறகு கேளுங்கள்: "விருந்து எந்த மாதம்?" பதில் வந்தால் அடுத்தது, "எத்தனை பேர் எதிர்பார்க்கிறீர்கள்?" பெயர், முகவரி, தேதி, பட்ஜெட் எல்லாம் எழுதினால்தான் பட்டியல் என்று வாசலில் நிறுத்தினால் பத்தில் ஏழு பேர் திரும்பிவிடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையை எழுதுவது

பத்திரிகை அறிக்கைக்கு வயது நூறு தாண்டிவிட்டது. 1906-இல் அமெரிக்காவில் ஒரு ரயில் விபத்தை ரயில்வே நிறுவனம் மறைக்கப் பார்க்காமல், ஐவி லீ என்பவர் எழுதிக் கொடுத்த விவரத்தை நிருபர்களுக்கு அனுப்பியதைத்தான் முதல் அறிக்கை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நிருபர் வந்து கேட்கும் முன் அவருக்கு வேண்டியதை நீங்களே ஒழுங்காக எழுதிக் கொடுப்பது. அன்றும் இன்றும் அதுதான் வேலை.

நம் அறிக்கைகள் பெரும்பாலும் இப்படித் தொடங்குகின்றன: "கடந்த 15 ஆண்டுகளாகத் தரமான சேவையை வழங்கிவரும் எங்கள் நிறுவனம், வாடிக்கையாளர்களின் ஆதரவுக்கு நன்றி தெரிவிப்பதோடு..." இந்த வரியிலேயே நிருபர் அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவார். அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"பட்டர்வொர்த், மார்ச் 3: கல்யாண விருந்துக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ கோழி வேண்டும் என்று பெற்றோரே கணக்குப் போட்டுக்கொள்ள உதவும் தமிழ்ப் பட்டியல் ஒன்றை இங்குள்ள கேட்டரிங் நிறுவனம் இலவசமாக வழங்குகிறது. 500 பேர் விருந்துக்கு 50 முதல் 60 கிலோ பாஸ்மதி போதும் என்கிறது அந்தப் பட்டியல்."

ஊர், தேதி, படிப்பவருக்கு என்ன கிடைக்கும், ஒரு எண். நிறுவனத்தின் பெயரை இரண்டாம் பத்தியில் வையுங்கள். மூன்றாம் பத்தியில் உரிமையாளர் சொன்னதாக இரண்டு வாக்கியம், அவர் உண்மையிலேயே பேசுகிற மாதிரி. "பெருமிதம் கொள்கிறோம்" வேண்டாம். "ஆட்கள் கூடக் குறைய வந்தாலும் சோறு மீந்து குப்பைக்குப் போகக் கூடாது, அதற்குத்தான் இந்தக் கணக்கு" என்பது போதும். கடைசியில் மேல் விவரங்களுக்கு என்ற வரி. மொத்தம் 200 முதல் 250 சொற்கள்.

அனுப்பும்போது அறிக்கையை மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டுங்கள். பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் அதிலிருந்து தமிழை நகலெடுக்கும்போது எழுத்துகள் உடைந்து கொம்பும் காலும் இடம் மாறிவிடும், நிருபர் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டி வரும். அவருக்கு நேரமில்லை. படம் கிடைமட்டமாக ஒன்று, செங்குத்தாக ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள். எட்டுப் பேர் நிற்கும் படத்தைவிட அண்டாவில் சோறு கிளறும் ஒருவரின் படம் பக்கத்தில் நன்றாக நிற்கும். ஆட்கள் இருந்தால் படக்குறிப்பில் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். டத்தோ, டாக்டர் பட்டங்களைச் சரிபாருங்கள். பெயர் தவறினால் மறுநாள் அந்த நிருபருக்குத்தான் போன் போகும், அடுத்த முறை உங்கள் அறிக்கையை அவர் திறக்கத் தயங்குவார்.

எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சலில் மொத்தமாக அனுப்பாமல், ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்புங்கள். காலையில் அனுப்பிவிட்டு மறுநாள் ஒருமுறை மட்டும் கேளுங்கள். "எப்போ சார் போடுவீங்க" என்று தினமும் கேட்பது உறவைக் கெடுக்கும். பணம் கொடுத்து வரவைக்க வேண்டும் என்றால் விளம்பரப் பிரிவில் பேசி, விளம்பரக் கட்டுரை என்ற தலைப்போடு வெளியிடச் சொல்லுங்கள். நிருபர் கையில் உறை கொடுக்கும் பழக்கத்தை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். அது அவருடைய தொழிலுக்கும் இழுக்கு, உங்கள் செய்தியின் மதிப்பையும் அது தின்றுவிடும்.

நேரம் பார்ப்பதும் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பக்கங்கள் வாழ்த்து விளம்பரங்களால் நிரம்பியிருக்கும். தைப்பூச வாரத்தில் பத்துமலையும் தண்ணீர்மலையும்தான் செய்தி. கல்யாணச் சமையல்காரர் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆவணியில் செய்தி போட்டால் வண்டி போய்விட்டது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் மாதங்கள் அவைதான். ஆடியில் வரும் செய்தி தை மாதக் கல்யாணத்துக்கு வேலை செய்யும்.

செய்தி வந்த நாள்

ஞாயிறு பதிப்பில் வந்தால் வீட்டில் எல்லாரும் படிப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும். மணி அடித்து ஓயும், திங்கட்கிழமை திரும்ப அழைத்தால் "யாரு? ஓ, அதுவா, வேற எடத்துல பேசிட்டோம்" என்பார்கள். செய்தி எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை, எனவே அறிக்கை அனுப்பிய நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஞாயிறு உட்பட அந்த எண்ணுக்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். ஒரு விசாரிப்பை ஒழுங்காகப் பேசி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்தில் ஆறு. காலை இரண்டு மணி நேரத்தில் 20 அழைப்பு வந்தால் ஒருவரால் முடியாது.

வானொலி வேறு மாதிரி. பேசி முடித்த அரை மணிக்குள் வருவது வரும், பிறகு அடங்கிவிடும். கேட்பவர் காரில் கெசாஸ் நெடுஞ்சாலையிலோ பினாங்குப் பாலத்திலோ இருப்பார், எண்ணைக் குறித்துக்கொள்ள முடியாது. நிகழ்ச்சியில் எண் சொல்லலாமா என்று தயாரிப்பாளரிடம் முன்பே கேளுங்கள். அனுமதி இல்லையென்றால் உங்கள் பெயரைக் கூகுளில் தேடுவார்கள். ஸ்ரீ என்று தொடங்கும் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! கூகுளில் உங்கள் வணிகப் பக்கத்தைத் திறந்து, காதால் கேட்ட ஒருவர் எப்படியெல்லாம் தட்டுவார் என்று நீங்களே தேடிப் பாருங்கள். பெயரோடு ஊரையும் தொழிலையும் சேர்த்துச் சொன்னால் கிடைத்துவிடும்: "பட்டர்வொர்த்தில் கேட்டரிங்" என்று.

வந்தவர்களைப் பின்தொடர்வதில் பலர் கோட்டை விடுகிறார்கள். அன்றே பட்டியல், மூன்றாம் நாள் "கணக்கில் சந்தேகம் உண்டா" என்று ஒரு கேள்வி, பத்தாம் நாள் அவர் சொன்ன ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ற விலைமதிப்பீடு, முப்பதாம் நாள் ஒரு நினைவூட்டல். அதற்குப் பிறகு அவர் சொன்ன தேதிக்கு மூன்று மாதம் முன்பு. தினமும் "குட் மார்னிங்" படம் அனுப்பினால் தடை செய்துவிடுவார்கள். வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே முதல் உரையாடலிலேயே "எங்கள் எண்ணைச் சேமித்து வையுங்கள் அக்கா" என்று சொல்லிவிடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. பெயரையும் எண்ணையும் எதற்காக வாங்குகிறீர்கள் என்ற அறிவிப்பைத் தேசிய மொழியான மலாயிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும். தமிழில் கொடுத்தால் மட்டும் போதாது. விற்பனைச் செய்தி வேண்டாம் என்று ஒருவர் எழுத்தில் சொன்னால் நிறுத்தியே ஆக வேண்டும். பட்டறைக்குப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலைக் காப்புறுதி முகவரான மாமாவிடம் கொடுப்பதெல்லாம் கூடவே கூடாது.

உணவு, உடல்நலத் தொழிலில் இருப்பவர்கள் அறிக்கையின் சொற்களில் கவனமாக இருக்க வேண்டும். ஹலால் சான்றிதழ் இல்லாமல் ஹலால் என்று எழுதக் கூடாது, மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் அல்லது மாநில இஸ்லாமிய சமய மன்றம் கொடுத்ததாக இருக்க வேண்டும். மூலிகை எண்ணெய், கஷாயம் விற்பவர்களுக்கு 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் உண்டு. சர்க்கரை நோய், புற்றுநோய், இரத்த அழுத்தம் உள்ளிட்ட 20 நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரப்படுத்தவே முடியாது, மற்ற மருந்து விளம்பரங்களுக்கும் மருந்து விளம்பர வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். "இது செய்திதானே, விளம்பரம் இல்லையே" என்ற வாதத்தை நம்பி அறிக்கையில் எழுதாதீர்கள். அதே வரியை நீங்களே பேஸ்புக்கில் பகிரும்போது அது விளம்பரம்தான்.

கணக்கு

ஒரு எளிய தாள் போதும். தேதி, பெயர், எண், எங்கே பார்த்தார், என்ன வேண்டும், எப்போது வேண்டும், விலைமதிப்பீடு அனுப்பிய தேதி, முடிவு, அடுத்து அழைக்க வேண்டிய நாள். அந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டால் தாள் செத்துவிடும்.

பிஆர் நிறுவனங்கள் சில, "இந்தச் செய்தி வந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணம் 6,000 வெள்ளி, ஆகவே உங்களுக்கு 6,000 வெள்ளி லாபம்" என்று அறிக்கை கொடுக்கும். இந்த மாதிரி விளம்பரச் சமமதிப்பு மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று அந்தத் துறையினரே 2010-இல் பார்சிலோனா கோட்பாடுகளில் அறிவித்துவிட்டார்கள். நீங்கள் போட வேண்டிய கணக்கு வேறு. படம், அச்சு, எண், ஆள் கூலி எல்லாம் சேர்த்து 1,200 வெள்ளி செலவு என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் கேட்டார்கள், 15 பேர் தேதி சொன்னார்கள், 4 பேர் முன்பணம் கட்டினார்கள். ஒரு லீட்டுக்கு 80 வெள்ளி, அதாவது தேதி சொன்ன 15 பேரை மட்டும் எண்ணினால். ஒரு வியாபாரத்துக்கு 300. அந்த 300-ஐ உங்கள் ஒரு கல்யாணத்து லாபத்தோடு ஒப்பிட்டால் அடுத்த முறை செய்வதா வேண்டாமா என்று தெரிந்துவிடும். 40 பேர் கேட்டு 2 பேர்தான் தேதி சொன்னார்கள் என்றால் கொடுத்த பொருள் தவறான ஆட்களை இழுத்திருக்கிறது. 15 பேர் தேதி சொல்லி ஒருவரும் கட்டவில்லை என்றால் செய்தியில் குறையில்லை, விலையிலோ பேசுபவரிலோ பாருங்கள்.

வெளிவந்த செய்தியை விலைமதிப்பீட்டோடு சேர்த்து அனுப்புங்கள். தயங்கி நிற்கும் வாடிக்கையாளருக்கு அது தெம்பு கொடுக்கும். பத்திரிகைப் பக்கத்தைப் படமெடுத்து எங்கும் பரப்புவதைவிட இணையப் பதிப்பின் இணைப்பை அனுப்புவது முறை, அச்சுப் பக்கத்தையே பயன்படுத்த வேண்டுமானால் பத்திரிகையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் வீடுகளில் பேப்பரை வெட்டி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனின் துண்டுகளைக்கூடச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கும் பாட்டிமார் உண்டு. கல்யாண விருந்துக் கணக்கை வெட்டி வைத்த ஒரு அம்மா, பையனுக்குப் பெண் அமைந்த பிறகு, பத்து மாதம் கழித்துக்கூட அழைப்பார். அதற்குள் அந்த எண்ணுக்கு யாரும் டாப்-அப் போடாமல் விட்டு, ப்ரீபெய்ட் சிம் காலாவதியாகியிருக்கக் கூடாது. நாள்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள்.